முன்வீல் இழுக்கிற வண்டி

இது எனக்கு நேர்ந்ததில்லை. மதியழகன் சொல்லிக் கேட்டது. நாங்கள் இருவரும் ஒரகடத்தில் ஒரே தொழிற்சாலையில், பிரேக் பாகங்கள் செய்யும் பிரிவில் வேலை பார்க்கிறோம். இருவர் வீட்டிலும் முதல் பட்டதாரி நாங்கள்தான் என்பது சேர்ந்த முதல் வாரத்திலேயே ஒருவருக்கொருவர் தெரிந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் சொல்லத் தெரியாது. படப்பையில் அவன் அறைக்குக் கீழே நீலநிறப் பெரிய கார் ஒன்று உறை போர்த்தி நிற்கும், அவனோ தினமும் கம்பெனி பஸ்ஸில் வருவான். ஏன் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன். நான்கு நாள் பஸ் பயணத்தில், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, விட்டு விட்டுச் சொன்னான். அவன் மனதில் ஓடியதாக நான் எழுதியிருப்பதில் பெரும்பகுதி அவன் வாயால் வந்ததுதான். சில இடங்களில் பேச்சை நிறுத்திவிட்டான். அவற்றை நான் நிரப்பியிருக்கிறேன். பிழை இருந்தால் அது என்னுடையது.

ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டரைக்கு அவன் உறையை உருவினான். ஆறு வாரமாக எடுக்காத வண்டி. கதவைத் திறந்ததும் உள்ளே அடைந்து கிடந்த சூடு முகத்தில் அடித்தது. பேட்டரி இறங்கிப்போயிருக்கும், வண்டி கிளம்பாது, அப்பாவுக்குப் போன் போட்டு மக்கர் பண்ணுதுப்பா என்று சொல்லிவிடலாம், அது பொய்யாகவும் இருக்காது என்று ஒரு கணம் நினைத்தான். அப்படி நினைத்ததற்காக வெட்கப்பட்டான். அதற்குள் வண்டி முதல் தடவையிலேயே பிடித்துக்கொண்டது. இரண்டு லிட்டர் டீசல் இன்ஜின், நூற்றெழுபது குதிரைசக்தி. பழைய வண்டிதான், இரண்டாம் கை, ஆனாலும் ஸ்டார்ட் ஆனதும் பெரிய மிருகம் ஒன்று தூக்கத்தில் புரண்டு படுத்ததைப்போல் பானெட் ஒருமுறை அசைந்து அடங்கும். முதலில் அந்த அசைவுக்காகவே அவன் காலையில் சும்மா ஸ்டார்ட் செய்து உட்கார்ந்திருப்பான். இப்போது அந்த அசைவு அடங்கும் முன்பே கியரைப் போட்டான். நேற்று அப்பா போனில் சொன்னது சில வார்த்தைதான். மதி, நாளைக்கு ரெண்டு மணியோட டூட்டி முடியுது, வண்டிய எடுத்துக்கிட்டு வந்துடு. எந்த வண்டிப்பா என்று கேட்டான். ஏன், எத்தன வண்டி வச்சிருக்க என்றார் அப்பா. பைக்கும் இருக்குல்ல, அதான். பெட்டி இருக்குடா, பெட்டியப் பைக்குலயா கட்டுவ, கார எடுத்துக்கிட்டு வா, மெயின் கேட்டுக்கிட்டயே வந்துடு. கேட்டுக்கிட்டயே. அந்த ஒரு சொல்லை ராத்திரி முழுக்கத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வழக்கமாக டீக்கடைக்கு வந்துடு என்பார். ஆறு வருடமாக அவன் பைக்கில் போவான், அப்பா காவல் நிற்கும் குடியிருப்புக்கு எதிரே டீக்கடையில் நிற்பான், அப்பா சாலையைக் கடந்து வருவார், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்வார், இரண்டு டீ குடிப்பார்கள். கேட்டுக்கிட்டயே என்று ஒருநாளும் சொன்னதில்லை. கார் வாங்கியதை அம்மா சொல்லிவிட்டாள், அது தெரியும்; நவம்பரில் நடந்ததும் தெரிந்துதான் சொல்கிறாரா. தெரிந்திருந்தால் ஏழு மாதம் ஏன் ஒன்றும் கேட்கவில்லை. தெரியாவிட்டால், இன்றைக்கு இந்த வண்டி கண்ணெதிரே போய் நிற்கும்போது தெரிந்துவிடும் அல்லவா. நீலநிறம், இந்த நம்பர், இந்தச் சத்தம். ஆறு வருடமாக வண்டிகளை மட்டுமே பார்த்து நிற்கிற மனிதர்.

மணிமங்கலம் பிரிவைத் தாண்டியதும் சாலை காலியாக இருந்தது. ஞாயிறு மதியம் இந்தச் சாலை இப்படித்தான், லாரிகள் எல்லாம் எங்கோ ஒதுங்கித் தூங்கும். இரண்டாம் கியரில் கொஞ்சம் அழுத்தினான், ஸ்டீயரிங் இடதுபக்கம் நழுவப் பார்த்தது. இந்த வண்டிக்கு அந்தக் குணம் உண்டு. வாங்கிய வாரத்தில் பயந்துபோய் மெக்கானிக் ஜான்பாஷாவிடம் கொண்டுபோனான். அவர் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒண்ணும் இல்ல தம்பி, இது முன்வீல் இழுக்கிற வண்டி, இன்ஜின் பவர் பூரா முன்னாடி ரெண்டு வீல்லதான், பின்னாடி ரெண்டும் சும்மா கூட வருது, திருப்புறதும் அதே வீலு, இழுக்கிறதும் அதே வீலு, ரொம்ப மிதிச்சா அதுக்கே கொயப்பம் ஆயிரும், எந்தப் பக்கம் போறதுன்னு என்றார். பிறகு, ஈரத்துல மேடு ஏறும்போது மட்டும் மிதிக்காத, மூக்கு தூக்கிக்கும், முன்வீல் நின்ன எடத்துல சுத்தும், ஊரே உன்னப் பாக்கும் என்றார். அவன் சிரித்தான். பாய், இவ்ளோ பவர் எதுக்கு எனக்கு என்று கேட்டான். அத வாங்கறதுக்கு முன்னாடி கேக்கணும் என்றார் அவர். உண்மையில் எதற்கு வாங்கினான் என்று அவனுக்கே தெரியவில்லை. சின்னக் கார் போதும். ஆனால் ஷோரூம் முற்றத்தில் இது நின்ற நிற்பு, நீளமாக, யாரிடமும் எதுவும் கேட்கத் தேவையில்லாததைப்போல நின்ற நிற்பு, அதுதான். முதல் ஞாயிற்றுக்கிழமை ஒரகடம் ஆறுவழிச் சாலையில் ஒரே ஒருமுறை ஆக்ஸிலேட்டரை முழுக்க அழுத்தினான். முதுகு சீட்டில் ஒட்டிக்கொண்டது, ஸ்டீயரிங் கையில் துள்ளியது, மரங்கள் ஒன்றோடொன்று கலந்துவிட்டன, தொண்டையில் சிரிப்பு முட்டியது. நூற்றிருபதில் காலை எடுத்தான். திரும்பிப் பார்த்தால் பக்கத்து சீட் காலி. பாத்தியா என்று கேட்க ஆளில்லை. அந்தச் சிரிப்பு அப்படியே இறங்கி எங்கோ போய்விட்டது. அன்றைக்குத்தான் பக்கத்து சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளிவைத்தான், அப்பாவுக்குக் கால் நீளம். அதற்குப் பிறகு அதில் யாரையும் உட்காரவைக்கவில்லை. பிரிவில் கூட வேலை பார்க்கும் சாலமோன் ஒருநாள் ஏறவந்தபோது பின்னாடி உக்காரு என்று சொல்லிவிட்டான். ஏன், நான் என்ன டாக்ஸி புக் பண்ணியா வந்தேன் என்று சாலமோன் கோபித்துக்கொண்டான். காரணத்தை எப்படிச் சொல்வது. வேலைக்குச் சேர்ந்த அன்று அவனிடமே, உங்கப்பா என்ன பண்றார் என்ற கேள்விக்கு, பில்டிங் லைன்ல இருக்கார் என்று சொன்னவன். அதுவும் பொய் இல்லை. பொய் இல்லாத பதில்களாகவே தேடித் தேடிச் சொல்லி இருபத்தாறு வயது ஆகிவிட்டது. எத்தனை பொய் இல்லாத பதில் சேர்ந்தால் ஒரு பொய் ஆகும்.

வண்டலூர் மேம்பாலத்துக்குக் கீழே சிக்னலில் நின்றான். ஏசி காற்று கைமுட்டியில் மட்டும் பட்டது. நவம்பரிலும் இதே சிக்னலில்தான் மழை பிடித்தது. அன்றைக்கு அவன் யாரிடமும் சொல்லாமல் கிளம்பினான். அம்மா ராசாம்பாளுக்கு மட்டும், செந்துறை பக்கத்தில் ஊரில் இருப்பவளுக்கு, முந்தின நாள் காரின் போட்டோ அனுப்பியிருந்தான்; அப்பாகிட்டக் காட்டாதம்மா, நேர்ல போய்க் காட்டுறேன் என்று. திட்டம் சுலபமானது. டீக்கடையில் நிற்காமல் நேரே கேட்டுக்குப் போவது. அப்பா குனிந்து, யார் வேணும் சார் என்று கேட்பார். கண்ணாடியை இறக்கி, ஏறுப்பா என்பது. எத்தனையோ தடவை மனதில் ஓட்டிப் பார்த்திருந்தான், அப்பாவின் முகம் எப்படி மாறும் என்பது வரைக்கும். ஆனால் அப்பா குனியவில்லை. வண்டி சாலையிலிருந்து திரும்பியதும், இன்னும் பத்தடி தூரம் இருக்கும்போதே, தடுப்புக்கட்டை மேலே போய்விட்டது. மழைக்கோட்டுக்குள் அப்பா விறைத்து நின்றார். வலது கை நெற்றிக்குப் போயிற்று. அவனுக்கு. வைப்பர் ஒருமுறை போய் வந்தது, கை அங்கேயே இருந்தது. இன்னொருமுறை போய் வந்தது. கண்ணாடிப் பொத்தானில் இவன் விரல் இருந்தது. அழுத்தினால் போதும். அழுத்தினால் கண்ணாடி இறங்கும், அப்பாவுக்கு இவன் முகம் தெரியும், அப்போது அந்தக் கை என்ன செய்யும். அதைத்தான் அவனால் பார்க்க முடியாது என்று தோன்றியது. உயர்ந்த கை பாதியில் நிற்குமா, சட்டென்று விழுமா, தலையைச் சொறிவதுபோல் மாறுமா, பின்னால் நிற்கிற இன்னொரு காவலாளி பாஸ்கரன் சிரிப்பானா. பெற்ற பிள்ளைக்கே அடித்த சல்யூட் ஒன்று அந்தக் கேட்டில் காலத்துக்கும் பேச்சாக இருக்குமா. பின்னால் ஒரு வண்டி ஹார்ன் அடித்தது. விரலை எடுத்துவிட்டான். உள்ளே போய்விட்டான். யாருடையதென்று தெரியாத கட்டடங்களுக்கு நடுவே ஒரு சுற்றுச் சுற்றினான், ஊஞ்சலில் ஒரு குழந்தையும் இல்லை, மழை. வெளியேறும் வழி ஒரு சின்ன மேடு, வழவழப்பான கல் பதித்தது. தப்பித்தால் போதும் என்று மிதித்தான். முன்வீல்கள் நின்ற இடத்திலேயே சுற்றிக் கீச்சென்று கத்தின. பாய் சொன்னதுபோல் ஊரே பார்த்திருக்கும். அவன் யாரையும் பார்க்கவில்லை. காலை எடுத்து, மெல்ல விட்டு, ஊர்ந்து மேலே ஏறியபோது பக்கவாட்டில் மழைக்கோட்டு அசைந்தது தெரிந்தது. மறுபடியும் அந்தக் கை.

பச்சை விழுந்தது. பின்னாலிருந்த ஆட்டோக்காரர், யோவ் என்றார். கேளம்பாக்கம் சாலையில் திரும்பினான். அன்று இரவு எட்டு மணிக்கு அப்பாதான் கூப்பிட்டார். சாப்டியா. சாப்ட்டேன்பா. இன்னிக்கு எங்கயும் போகலயா. இல்லப்பா, ரூம்லதான் இருந்தேன். இதுதான் பொய். மற்றவற்றுக்கெல்லாம் ஒரு சமாதானம் உண்டு, இதற்கு இல்லை. அப்பா கொஞ்சநேரம் ஒன்றும் சொல்லவில்லை. அங்க மழையா என்றார். இல்லப்பா. இங்க நல்ல மழை என்றார், வைத்துவிட்டார். அந்தக் கொஞ்சநேரம் எவ்வளவு நேரம் என்று பிறகு பலமுறை எண்ணிப் பார்த்தான். மூன்று விநாடி இருக்கலாம். அப்பா எப்போதுமே போனில் அப்படித்தான் மெல்லப் பேசுவார். சுண்ணாம்புக்கல் குவாரியில் இருபது வருடம் இருந்ததில் காது கொஞ்சம் மந்தம். ஆகவே அது வெறும் மூன்று விநாடி. அல்லது அது வெறும் மூன்று விநாடி இல்லை. இதுதான் ஏழு மாதமாக. கார் சாவியைக் கையில் எடுத்தால் மழைக்கோட்டுக்குள்ளிருந்து அந்தக் கை எழும். எல்லாருக்கும் அடிக்கிற சல்யூட்தான், வேலை அது, ஒருநாளைக்கு இருநூறு தடவை. தெரியாத ஒருத்தனுக்கு அடித்தார், அவ்வளவுதான், அந்தத் தெரியாதவன் நானாகிப்போனேன். தெரியாதவனாக இருக்கத்தான் இந்த வண்டியை வாங்கினேனா என்று கேட்டுக்கொண்டபோது மாம்பாக்கம் தாண்டியிருந்தான். ஸ்பீடோமீட்டரில் நாற்பத்தைந்து. ஒரு ஷேர் ஆட்டோ அவனை முந்திப்போனது. பின்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் ஒருத்தி இவ்வளவு பெரிய காருக்கு என்ன கேடு என்பதுபோல் திரும்பிப் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும். இன்றைக்கு. ஏறியதும் சொல்ல வேண்டும். அப்பா, அன்னிக்கு வந்தது நான்தான், கண்ணாடிய எறக்கல, மன்னிச்சிரு. மன்னிச்சிரு என்று அவர்கள் வீட்டில் யாரும் யாரிடமும் சொன்னதில்லை. வேறு சொல் தேடினான். அது கிடைப்பதற்குள் வலதுபுறம் குடியிருப்பின் மஞ்சள் சுவர் வந்துவிட்டது.

கேட்டுக்கு வெளியே, ஓரமாக, நிழலில் அப்பா நின்றார். சீருடை இல்லை. வெள்ளை அரைக்கைச் சட்டை, எண்ணெய் வைத்துச் சீவிய தலை, காலடியில் தகரப்பெட்டி, சுருட்டிக் கட்டிய பாய். பெட்டியோடு பாயையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் இவனுக்கு உறைத்தது. இறங்கி, என்னப்பா இது என்றான். இன்னியோட இந்த சைட் முடிஞ்சுது என்றார் அப்பா கலியபெருமாள். செக்யூரிட்டி கம்பெனிய மாத்துறாங்க, புதுசா வர்றவன் சின்ன வயசாக் கேக்குறான். ஊருக்குப் போறேன், கெளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுல எறக்கிவிட்டுடு. இதை ஒரு வாரம் முன்னாலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் இவன் ஏதாவது செய்யப் பார்ப்பான் என்று சொல்லவில்லை போலும். பாஸ்கரன் கேட்டை விட்டு வந்து பெட்டியை ஒரு கை பிடித்தான். அண்ணே, உள்ள இருக்கிற ஒருத்தருகிட்டயும் இப்படி வண்டி கெடையாதுண்ணே என்றான். போடா, பி பிளாக்குல ரெண்டு நிக்குது என்றார் அப்பா. கூட்டிப் பெருக்கும் எல்லம்மா துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தாள். எங்க உக்காரப்போற பெரியவரே, பின்னால உக்காந்தா ஓனரு, முன்னால உக்காந்தா கிளீனரு, யோசிச்சு ஏறு என்றாள். கிளீனராவே போறேன் தாயி என்று சொல்லி முன்கதவைத் திறந்து உட்கார்ந்தார். கதவை ஓங்கிச் சாத்தவில்லை. இந்த மாதிரி வண்டிக்கு எவ்வளவு தள்ளினால் போதும் என்று தெரிந்தவராகச் சாத்தினார். யாரும் சொல்லாமல் பெல்ட்டை இழுத்து மாட்டினார். யாரும் கையை நெற்றிக்குக் கொண்டுபோகவில்லை. பாஸ்கரன் ஜன்னல் வழியாக அப்பாவின் தோளை அழுத்தினான், அவ்வளவுதான்.

ஏசியை எங்கே குறைப்பது என்று அப்பா கேட்கவில்லை, தானே குறைத்தார். கண்ணாடிக்கு வெளியே பார்க்கவில்லை, டேஷ்போர்டைத்தான் பார்த்தார். சத்தம் சுத்தமா இருக்கு என்றார். பிறகு, டாக்டர் வண்டி ஒண்ணு வரும், இதே இன்ஜின்தான், அவரு பராமரிக்கலை, கடகடன்னு வரும் என்றார். மதியழகன் சொல்லிவிட நினைத்தான். இப்போது. மாம்பாக்கம் குளம் வருவதற்குள். அப்பா, என்றான். ம். நவம்பர்ல ஒருநாள் மழை பெஞ்சுதுல்ல. அப்பா திரும்பிப் பார்த்தார். மழன்னா, என்றார். சும்மா, நல்ல மழன்னு. ம், என்றார் அப்பா, நல்ல மழைதான். குளம் வந்தது, போயிற்று. எதிரே ஒரு மாடு நடுச்சாலையில் நின்றது, வேகத்தைக் குறைத்தான், முடிந்தது. சொல்லின் முனை கையில் வந்து நழுவிவிட்டது. மறுபடி எடுக்கத் தெம்பில்லை. வேண்டுமென்றே சந்துகளில் சுற்றினால் இன்னும் பத்து நிமிடம் கிடைக்கும் என்று நினைத்தான், ஆனால் அப்பாவுக்கு வழி தெரியும். கிளாம்பாக்கத்தில் அரியலூர் பஸ் புறப்படத் தயாராக நின்றது. பெட்டியை மேலே ஏற்றிவிட்டு, தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டு, கீழே நின்றான். ஜன்னலோரம் உட்கார்ந்த அப்பா வெளியே குனிந்தார். வண்டிய மூடியே வைக்காத, டயரு தட்டையாயிடும் என்றார். சரிப்பா. எடுத்து ஓட்டு, ஓட்டுறதுக்குத்தான வாங்கின. சரிப்பா. பஸ் கிளம்பியது. அவன் பார்க்கிங்குக்குத் திரும்பிப் போய் வண்டிக்குள் உட்கார்ந்தான். பக்கத்து சீட்டில் உட்கார்ந்த பள்ளம் மெல்ல மெல்ல மேலே வந்து சமமாகும் வரை பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு படப்பைக்கு ஓட்டிவந்து உறையைப் போர்த்தினான். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்பது மட்டும் தெரிஞ்சா போதும்டா என்று என்னிடம் பஸ்ஸில் சொன்னான். திட்டினாலும் பரவால்ல. கேட்டால் போயிற்று என்று நான் சொன்னேன்.

போன மாதம் எங்கள் பிரிவு மேலாளர் வீட்டுக்கு ஒரு கோப்பு கொடுக்கப் போக வேண்டியிருந்தது. அவர் இருப்பது அதே குடியிருப்பு என்பது கேட்டில் போய் நின்ற பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் பைக்கை வெளியிலேயே நிறுத்தினார்கள். ஹெல்மெட்டைக் கழற்றச் சொன்னார்கள். மேலாளர் வீட்டுக்குப் போன் போட்டுக் கேட்கும்வரை காவலாளி அறைக்குப் பக்கத்தில் நின்றேன். உள்சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது, தமிழில் தட்டச்சு செய்தது, ஐந்து விதிகள். மூன்றாவது விதி: குடியிருப்போர் சங்கத்தின் ஸ்டிக்கர் உள்ள வண்டிகளுக்கு மட்டும் தடுப்பை உயர்த்தி வணக்கம் செலுத்த வேண்டும். நான்காவது: ஸ்டிக்கர் இல்லாத வண்டியைத் தடுப்புக்கு வெளியே நிறுத்தி, கண்ணாடியை இறக்கச் சொல்லி, முகம் பார்த்து விசாரித்த பிறகே அனுப்ப வேண்டும். எவ்வளவு நாளா இந்த விதி என்று கேட்டேன். நான் சேர்ந்ததுலேர்ந்து இதான் சார், ஏழு வருஷம் என்றான் காவலுக்கு இருந்தவன். பெயர் கேட்டேன், பாஸ்கரன் என்றான். கலியபெருமாளைத் தெரியுமா என்று கேட்டேன். அவரா, கவுன்சிலர் வண்டியையே மழைல நிறுத்திக் கண்ணாடிய எறக்க வச்ச ஆளு சார், ஸ்டிக்கர் இல்லாம ஒரு வண்டி அவரத் தாண்டிப் போனதில்ல என்றான்.

மறுநாள் காலை ஆறரைக்கு, கம்பெனி பஸ் வருவதற்கு முன், மதியழகன் அறைக்குக் கீழே போய்க் காரின் உறையை முன்பக்கம் மட்டும் தூக்கிப் பார்த்தேன். முன்கண்ணாடியில் ஸ்டிக்கர் இல்லை. பழைய சொந்தக்காரர் எதையாவது ஒட்டியிருந்து பிறகு உரித்திருப்பாரோ என்று நான்கு மூலையிலும் விரலை வைத்துத் தடவினேன். ஒட்டி எடுத்த பசையின் தடம்கூட இல்லை.